ஆயுதம், ஆர்மர், லூட்: நம்ம வேலூர் டேபிள்ல அடிக்கடி வர்ற கேள்விங்க

காட்பாடி, சத்துவாச்சாரி, ராணிப்பேட்டைன்னு ஆளாளுக்கு ஒரு பக்கத்துல இருந்து வந்து ஞாயித்துக்கிழமைல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கு ஒரு கேரக்டர் எடுத்து, டைஸ் உருட்டி, கூட்டமா கதை ஆடுற டேபிள் கேம்) ஆடுற நம்ம க்ரூப்புக்காக எழுதுனது இது. புதுசா சேர்றவங்க கதை, மேஜிக், மான்ஸ்டர் எல்லாத்தையும் சீக்கிரம் புடிச்சிக்கறாங்க, பொருள் விஷயத்துலதான் (ஆயுதம், ஆர்மர்னா கவசம், லூட்னா கதைல கெடைக்கற பொக்கிஷம்) கொழம்பறாங்க, சண்டையும் அங்கதான் வருது. நாம ஆடுறது 2014ல வந்த அஞ்சாவது எடிஷன் ரூல்ஸ். 2024ல அத்தயே திருத்தி விட்டாங்க, முக்கியமா மாறுற எடத்துல மட்டும் சொல்றேன். டிஎம்னா கதை நடத்துற ஆளு. 1டி8ன்னா எட்டு மொகம் இருக்கற டைஸ ஒரு வாட்டி உருட்டறது, 2டி6ன்னா ஆறு மொகம் டைஸ் ரெண்டு. இது போதும், மீதிய படிச்சிகினே வாங்க.

மொதல்ல இன்னா பொருள் கையில இருக்கும்? நானே கடைல வாங்கிக்கலாமா?

ரெண்டு வழி கீது. உங்க கிளாஸும் (ஃபைட்டர், விசார்டு மாதிரி கேரக்டரோட தொழில்) பேக்கிரவுண்டும் (அவனோட பழைய வாழ்க்கை) குடுக்குற ரெடிமேட் மூட்டைய அப்படியே எடுத்துக்கலாம், இல்லன்னா டைஸ் உருட்டி காசு வாங்கி நீங்களே வாங்கிக்கலாம். ஃபைட்டர்னா 5டி4 உருட்டி வர்றத பத்தால பெருக்கணும், சராசரியா 125 கோல்டு வரும். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா செயின் மெயில் 75, ஷீல்டு 10, லாங்ஸ்வோர்டு 15, இதுலயே நூறு காலி. மொத தடவ ஆடுறவங்க மூட்டையவே எடுத்துக்கோங்க.

காசு கணக்கு ஈஸி. 10 காப்பர் ஒரு சில்வர், 10 சில்வர் ஒரு கோல்டு, 10 கோல்டு ஒரு பிளாட்டினம். நடுவுல எலெக்ட்ரம்னு ஒண்ணு இருக்கு, அர கோல்டு மதிப்பு, எங்க டேபிள்ல அத்த யாரும் தொடறதில்ல.

இன்னொண்ணு, எல்லாரும் கத்தி லிஸ்ட்டயே பாத்துகினு இருப்பாங்க, சில்லறை சாமான் பக்கம் கண்ணே போகாது. 50 அடி கயிறு 1 கோல்டு, பத்தடி கழி 5 காப்பர், ஒரு டார்ச் 1 காப்பர். அந்த டார்ச் ஒரு மணி நேரம் எரியும், 20 அடிக்கு நல்ல வெளிச்சம், அதுக்கப்புறம் 20 அடிக்கு மங்கலா. கெணத்துல எறங்கணும், பொறி இருக்கான்னு தரைய தட்டிப் பாக்கணும், இருட்டுக் குகைல நடக்கணும்னு வரும்போது உங்க மந்திரக் கத்தி ஒண்ணும் பண்ணாது பா.

ஏசி ஏசின்னு சொல்றீங்களே, அது இன்னா?

ஆர்மர் கிளாஸ். எதிரி 20 மொகம் டைஸ உருட்டி அவனோட போனஸ சேத்து உங்க ஏசி அளவுக்கோ அதுக்கு மேலயோ வந்தாதான் அடி விழும். ஆர்மர் அடியோட வலிய கொறைக்கறதில்ல, அடி படுற சான்ஸத்தான் கொறைக்குது, இத்த மண்டைல ஏத்திக்கோங்க.

லெதர் ஆர்மர்னா 11 கூட உங்க டெக்ஸ்டெரிட்டி போனஸ் (சுறுசுறுப்புக்கு கெடைக்கற எக்ஸ்ட்ரா, சுருக்கமா டெக்ஸ்). ஸ்கேல் மெயில் 14, அதுல டெக்ஸ் ரெண்டு வரைக்கும்தான் சேரும். செயின் மெயில் 16, பிளேட் 18, இது ரெண்டுலயும் டெக்ஸ் சேராது, நீங்க எவ்ளோ சுறுசுறுப்பா இருந்தாலும் அவ்ளோதான். ஷீல்டு புடிச்சா கூட 2.

அந்த 2 சின்ன நம்பர்னு பசங்க ஷீல்ட தூக்கி போட்டுட்டு ரெண்டு கைல பெரிய வாள் புடிச்சிக்கறாங்க. கணக்கு போட்டுப் பாருங்க. சாதா காப்ளினுக்கு (ஒரு குட்டி மான்ஸ்டர்) அடிக்கறதுல போனஸ் 4. உங்க ஏசி 16ன்னா அவன் டைஸ்ல 12 இல்ல அதுக்கு மேல உருட்டணும், இருபதுல ஒம்போது தடவ அடி விழும். ஷீல்டு புடிச்சு 18 ஆச்சுன்னா 14 இல்ல அதுக்கு மேல உருட்டணும், இருபதுல ஏழு தடவதான். ஒம்போதுல ரெண்டு கொறையுது, அதுவும் பத்து கோல்டு பலகைக்கு. நாலு காப்ளின் சுத்தி நின்னா அப்பதான் இதோட அருமை தெரியும்.

அப்ப எல்லாரும் பிளேட் வாங்கி மாட்டிக்கலாமே?

வெல 1500 கோல்டு, அதுவே பாதி பேர நிறுத்திடும். மீதிப் பேருக்கு: ஸ்ட்ரெங்த் (கேரக்டரோட பலத்துக்கான நம்பர்) 15 இல்லன்னா நடக்கற வேகம் 10 அடி கொறையும். பதுங்கிப் போறதுக்கு டிஸ்அட்வான்டேஜ், அதாவது டைஸ ரெண்டு தடவ உருட்டி கம்மியா வந்தத எடுக்கணும். போட 10 நிமிஷம், கழட்ட 5 நிமிஷம். ராத்திரி தூங்கும்போது எவனாவது வந்து மேல விழுந்தா 10 நிமிஷம் டைம் குடுன்னு கேக்க முடியாது, சண்டைல ஒரு ரவுண்டே ஆறு செகண்டுதான்.

எல்லாத்துக்கும் மேல, உங்க கிளாஸுக்கு அந்த ஆர்மர் பழக்கம் இருக்கணும். விசார்டு (மந்திரவாதி) பிளேட்ட மாட்டிகினா போட்டுக்கலாம், ஆனா ஒரு ஸ்பெல்லும் போட முடியாது, ஸ்ட்ரெங்த், டெக்ஸ் சம்பந்தப்பட்ட எல்லா உருட்டலும் டிஸ்அட்வான்டேஜ். மாங்க் (வெறுங்கையால சண்ட போடற துறவி) எந்த ஆர்மர் போட்டாலும் அவனோட கைச்சண்டை வித்தை போயிடும். அவங்களுக்கு சும்மா துணியே நல்லது.

லெதர் ஆர்மர்னா நம்ம ஆம்பூர் தோல் மாதிரியா? அத்த போட்டா கத்தி ஏறாதா?

இது எங்க டேபிள்ல ஒவ்வொரு தடவயும் வருது, ஏன்னா பாதி பேர் வீட்ல யாராவது தோல் ஷாப்புல, ஷூ கம்பெனில வேல பாத்திருப்பாங்க. ஆம்பூர், வாணியம்பாடி (2019ல இருந்து திருப்பத்தூர் மாவட்டம், ஆனாலும் நமக்கு வட ஆற்காடுதான்), ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு எல்லாம் அதே தொழில்தான்.

ரூல்புக் சொல்றது நெஞ்சுக்கும் தோளுக்கும் வர்ற தோல எண்ணெய்ல கொதிக்க வெச்சு கெட்டியாக்குனதுன்னு. இப்ப ஷூவுக்கு போற தோல்ல பெரும்பாலும் க்ரோம் போட்டு பதப்படுத்தறாங்க. அது நல்லா பதமாச்சான்னு பாக்க ஒரு துண்ட கொதிக்கற தண்ணில போடுவாங்க, சுருங்காம இருந்தா பாஸ். அதனால க்ரோம் தோல கொதிக்க வெச்சு ஆர்மர் பண்ண முடியாது, அது பாட்டுக்கு கொழகொழன்னு தான் இருக்கும். பட்டை போட்டு பதப்படுத்துன தோல்தான் சூட்டுல சுருங்கி பலக மாதிரி விறைச்சிக்கும். நம்ம பக்கம் பழைய காலத்துல ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுதான் தோல் பதப்படுத்துனாங்க. அதனால நம்ம கேம்ல லெதர் ஆர்மர் செய்யணும்னு யாராவது சொன்னா மொதல்ல ஆவாரம் பட்டை எங்க கெடைக்கும்னு தேடச் சொல்லுவேன், ஜவ்வாது மலை அடிவாரத்துக்கு ஒரு ட்ரிப், அதுவே ஒரு நாள் கதை.

ஸ்டடெட் லெதர்னு ஒண்ணு இருக்கு, 45 கோல்டு, ஏசி 12 கூட டெக்ஸ். ரோகுக்கும் (பதுங்கி அடிக்கற திருட்டு ஆளு) ரேஞ்சருக்கும் (காட்டுல திரியற வேட்டைக்காரன்) அதான் சரி. கத்தி ஏறாதாங்கறதுக்கு பதில்: ஏறும், டைஸ் சொன்னா ஏறும்.

எந்த ஆயுதம் பெஸ்ட்?

உங்க கிளாஸ் இன்னான்னு சொல்லுங்க, அப்புறம் பேசலாம். டேமேஜ் மட்டும் பாத்தா கிரேட்ஸ்வோர்டு 2டி6, சராசரி 7. கிரேட்ஆக்ஸ் 1டி12, சராசரி 6.5. லாங்ஸ்வோர்டு ஒரு கைல 1டி8, ரெண்டு கைல புடிச்சா 1டி10. டாகர் 1டி4தான், ஆனா 2 கோல்டு, 20 அடிக்கு வீசலாம், மறைச்சும் வெச்சிக்கலாம்.

ரோக் ஆடுறவங்க கவனிங்க. உங்க மெயின் சரக்கே ஸ்னீக் அட்டாக், அதாவது எக்ஸ்ட்ரா டேமேஜ் டைஸ், அது ஃபினெஸ்னு போட்ட ஆயுதத்துக்கும் தூரத்துல இருந்து அடிக்கற ஆயுதத்துக்கும்தான் வேல செய்யும். ரேப்பியர், டாகர், ஷார்ட்போ ஓகே. கிரேட்ஸ்வோர்டு எடுத்தீங்கன்னா அந்த வாளோட ரெண்டு டைஸுக்காக உங்க சொந்த டைஸ் எல்லாத்தையும் விட்டுட்டு நிக்கறீங்கன்னு அர்த்தம். ஹாஃப்லிங், நோம் மாதிரி குட்டி ஆளுங்களுக்கு ஹெவின்னு போட்ட ஆயுதம் எல்லாமே டிஸ்அட்வான்டேஜ்.

வில்லு வெச்சிருக்கறவங்களுக்கு: 20 அம்பு 1 கோல்டு. சண்டை முடிஞ்சதும் ஒரு நிமிஷம் தேடுனா விட்டதுல பாதி அம்பு திரும்பக் கெடைக்கும். எங்க டேபிள்ல அம்ப எண்ணித்தான் ஆகணும், இதுல கெஞ்சல் கெடையாது. 2024 ரூல்ஸ்ல ஆயுதத்துக்கு மாஸ்டரின்னு ஒரு எக்ஸ்ட்ரா வித்தை வந்திருக்கு, எதிரிய கீழ தள்றது, பின்னாடி தள்றதுன்னு. நல்ல சேர்ப்புதான், நாங்க இன்னும் எடுத்துக்கல.

எடைய நெஜமாவே கணக்கு போடணுமா? போர் அடிக்குது ணா.

போர் அடிக்குதுன்னு சொல்றவங்க யாரும் பொக்கிஷ ரூம்ல நின்னு பாத்ததில்ல. ரூல் சிம்பிள்: உங்க ஸ்ட்ரெங்த் நம்பர 15ஆல பெருக்குனா எத்தன பவுண்டு தூக்கலாம்னு வரும். ஸ்ட்ரெங்த் 10ன்னா 150 பவுண்டு, நம்ம கணக்குல 68 கிலோ. அம்பது காசு சேந்தா ஒரு பவுண்டு, எந்த உலோகமா இருந்தாலும்.

இப்ப சின்ன லெவல்ல ஒரு பொக்கிஷம் மாட்டுதுன்னு வைங்க. டிஎம் புக்ல போட்ட டேபிள் படி 6டி6 உருட்டி நூறால பெருக்குனா காப்பர், 3டி6 நூறால பெருக்குனா சில்வர், 2டி6 பத்தால பெருக்குனா கோல்டு. சராசரி பாத்தா 2100 காப்பர், 1050 சில்வர், 70 கோல்டு. மொத்த மதிப்பு 196 கோல்டு. எடை? 3220 காசு, 64 பவுண்டுக்கு மேல, கிட்டத்தட்ட 29 கிலோ. அதுல காப்பர் மட்டுமே 42 பவுண்டு, ஆனா மதிப்பு 21 கோல்டுதான். அப்ப காப்பர விட்டுட்டுப் போறதா, இல்ல ஒரு கழுதை வாங்கறதா, இல்ல எங்கயாவது பொதைச்சு வெச்சுட்டு அப்புறம் வர்றதா, பொதைச்சா எவன் பாத்தான்? பாத்தீங்களா, அரை மணி நேரம் ஆட்டம் தன்னால வந்துடுச்சு. எடைய தூக்கிட்டா இது எல்லாமே "எடுத்துகினோம், அடுத்து"ன்னு ஒரே வரில முடிஞ்சிடும்.

இன்னும் கறாரா ஒரு ஆப்ஷன் ரூல் இருக்கு: ஸ்ட்ரெங்த்த அஞ்சால பெருக்கி வர்ற எடைய தாண்டுனா வேகம் 10 அடி கொறையும், பத்தால பெருக்குனத தாண்டுனா 20 அடி. ஸ்ட்ரெங்த் 16 ஃபைட்டர் பிளேட் 65, ஷீல்டு 6, வாள் 3, பை 5, கயிறு 10ன்னு ஏத்துனாலே 89 பவுண்டு, எம்பதத் தாண்டிடுச்சு, இன்னும் சோத்து மூட்ட ஏத்தவேயில்ல. இத்த மலை, பாலைவனம் மாதிரி பயணக் கதைக்கு மட்டும் போடுவேன். ஊருக்குள்ள நடக்கற கதைக்கு வேணாம்.

செத்த மான்ஸ்டர் மேல இருக்கறத எல்லாம் உருவி வித்துட்டா காசு பாத்துடலாமே?

எல்லா புது பிளேயரும் மொத மூணு சண்டைக்குள்ள இத்த கேட்டுடுவாங்க. ரூல் என்னன்னா, ஒடசல் இல்லாத ஆயுதமும் ஆர்மரும் பாதி வெலைக்குப் போகும். ஆனா மான்ஸ்டருங்க வெச்சிருக்கறது பெரும்பாலும் விக்கற கண்டிஷன்ல இருக்காது, துரு, ஓட்டை, ரத்தம். நீங்களேதான் அத்த அடிச்சு நசுக்குனீங்க, அப்புறம் கடைக்காரன்கிட்ட புதுசுன்னு சொன்னா எப்படி. ரத்தினம், நகை, சரக்கு மூட்ட இதெல்லாம் முழு வெலைக்குப் போகும். அதனால கையில எடம் கம்மின்னா கல்லு மொதல்ல, நகை அடுத்து, இரும்பு கடசி.

மேஜிக் பொருள் விக்கறது வேற கத. அத்த வாங்கற அளவுக்கு பணம் வெச்சிருக்கறவன் ஊருக்கு ஒருத்தன் இருந்தாலே அதிகம். அதுக்கு நான் நம்ம பொய்கை மாட்டுச் சந்தை மாதிரி ஒரு முறை வெச்சிருக்கேன். துண்ட மேல போட்டு மூடிகினு விரல புடிச்சு வெல பேசுவாங்கல்ல, பக்கத்துல நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. அதே தான்: விக்கற பிளேயர் ஒரு துண்டு சீட்டுல அவன் கேக்கற வெலைய எழுதி எனக்கு மட்டும் காட்டணும், நான் வியாபாரி வெலைய எழுதி அவனுக்கு மட்டும் காட்டுவேன். மூணு சீட்டுக்குள்ள முடியலன்னா வியாபாரி கெளம்பிடுவான். க்ரூப்புக்கு இன்னா வெலன்னு அந்த பிளேயர் வந்து சொல்றதுதான். அங்கதான் நெறைய நாடகம் நடக்கும்.

ஒரே பொருளுக்கு மூணு பேர் சண்ட போட்டா யாருக்கு?

டைஸ் உருட்டி அதிகமா வந்தவனுக்குன்னு நெறைய டேபிள்ல முடிச்சிடறாங்க. எனக்கு அது புடிக்காது. உருட்டறது கடசி வழி. மொதல்ல யாரு கையில அந்தப் பொருள் அதிகமா மாத்தும்னு பாக்கணும், அது பெரும்பாலும் நீங்க நெனைக்கற ஆளா இருக்காது.

நல்ல உதாரணம் காண்ட்லெட்ஸ் ஆஃப் ஓகர் பவர். கையில மாட்டுனா ஸ்ட்ரெங்த் 19 ஆயிடும். ஒடனே எல்லாரும் ஃபைட்டருக்குத்தான்னு சொல்லுவாங்க, பலசாலி அவன்தானேன்னு. ஃபைட்டருக்கு ஏற்கனவே ஸ்ட்ரெங்த் 18 இருந்தா போனஸ் 4. 19 ஆனாலும் போனஸ் அதே 4தான்! ஒரு சுண்டு கூட ஏறல. அதே க்ளவுஸ ஸ்ட்ரெங்த் 12 இருக்கற கிளெரிக்குக்கு (சாமி சக்தில மந்திரம் போடற பூசாரி) குடுங்க, போனஸ் 1ல இருந்து 4க்கு போகும், அடிக்கறதும் ஏறும், டேமேஜும் ஏறும், தூக்கற எடை 180 பவுண்டுல இருந்து 285க்கு போகும், பொக்கிஷம் சொமக்க இன்னொரு ஆளு கெடச்ச மாதிரி.

காசுக்கு எங்க முறை: எத்தன பேரோ அதுக்கு மேல ஒரு பங்கு சேத்து பிரிக்கறது. அஞ்சு பேருன்னா ஆறு பங்கு. அந்த எக்ஸ்ட்ரா பங்கு பொதுப் பை, சத்திரம், சாப்பாடு, போஷன் (மந்திர மருந்து), செத்தவன எழுப்பற செலவு எல்லாம் அதுல இருந்து. பொதுப் பை கணக்க எழுதறவன மாசத்துக்கு ஒருத்தரா மாத்துங்க, ஒருத்தனே வெச்சிருந்தா அவன் கேரக்டர் ரோகா இல்லாட்டியும் ரோகாயிடுவான்.

அட்யூன்மெண்ட்னா இன்னா? ஏன் மூணுதான்?

சில மேஜிக் பொருள் சும்மா மாட்டுனா வேல செய்யாது, உங்களோட ஒட்டணும். அதுக்கு ஒரு ஷார்ட் ரெஸ்ட், அதாவது கொறஞ்சது ஒரு மணி நேரம், அந்தப் பொருளோடயே உக்காந்திருக்கணும். ஒரு ஆளுக்கு ஒரே நேரத்துல மூணுதான் ஒட்டும். நாலாவது வேணும்னா ஏற்கனவே இருக்கறதுல ஒண்ண விடணும், அதுக்கும் ஒரு ஷார்ட் ரெஸ்ட். நீங்க செத்தாலும் ஒட்டு போயிடும், பொருள் உங்கள விட்டு 100 அடிக்கு மேல 24 மணி நேரம் தள்ளி இருந்தாலும் போயிடும். திருடன் தூக்கினு போனா ஒரு நாளைக்குள்ள புடிங்க.

இந்த மூணு லிமிட்தான் இந்த எடிஷன்ல லூட் விஷயத்துல பண்ண பெஸ்ட் வேலன்னு நான் சொல்லுவேன். இது இல்லன்னா ஃபைட்டர் மோதிரம், தாயத்து, பெல்ட், சட்டைன்னு எல்லாத்தையும் மாட்டிகினு நகைக்கடை பொம்ம மாதிரி நிப்பான், மத்தவங்க பாத்துகினு இருக்கணும். லிமிட் இருக்கறதாலதான் பொருள் கை மாறுது. "எனக்கு இது வேணாம் நீ வெச்சிக்கோ"ன்னு ஒருத்தன் சொல்ற டேபிள்ல சண்ட வராது.

ஒரே பொருள்ல ரெண்டு காப்பி ஒட்ட முடியாது. ஆனா க்ளோக் ஆஃப் புரொடெக்ஷனும் ரிங் ஆஃப் புரொடெக்ஷனும் வேற வேற பொருள், ரெண்டும் போட்டா ஏசி ரெண்டு ஏறும். கேட்டீங்கன்னா சொல்லிட்டேன், டிஎம்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, ஓ நாந்தான் டிஎம்.

கெடச்ச பொருள் இன்னான்னு எப்படி தெரிஞ்சிக்கறது? சாபம் இருந்தா?

ஒரு ஷார்ட் ரெஸ்ட் பூரா அத்த கையில வெச்சு கவனிச்சா என்ன பண்ணும்னு தெரிஞ்சிடும். அதே ரெஸ்ட்டுலயே ஒட்டவும் முடியாது, அதுக்கு தனி ரெஸ்ட். இல்லன்னா ஐடென்டிஃபை ஸ்பெல், 100 கோல்டு மதிப்பு முத்து ஒண்ணும் ஆந்தை இறகும் வேணும், முத்து செலவாகாது, திரும்பத் திரும்ப யூஸ் பண்ணலாம். போஷன்னா ஒரு சொட்டு நாக்குல வெச்சாலே போதும்.

சாபம் மட்டும் இந்த வழில பெரும்பாலும் தெரியாது, ஒட்டுனதுக்கு அப்புறம்தான் தெரியும், அப்புறம் விடவும் முடியாது, ரிமூவ் கர்ஸ் மாதிரி ஏதாவது போட்டாதான் விடும். பெர்சர்க்கர் ஆக்ஸ்னு ஒண்ணு: அடிக்க கூட 1, ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு ஹிட் பாயிண்ட் (உயிர் கணக்கு) எக்ஸ்ட்ரா, யாருக்குத்தான் வேணாம்னு தோணும். ஆனா எதிரி அடிச்சு ரத்தம் பாத்தா விஸ்டம் சேவ், அதாவது மனச அடக்கற உருட்டல், 15 இல்ல அதுக்கு மேல வரணும், தவறுனா பக்கத்துல இருக்கறவன வெட்ட ஆரம்பிச்சிடுவான், நண்பன் எதிரி எல்லாம் ஒண்ணுதான். கோடாலிய கீழ போடவும் மனசு வராது. நான் சாபப் பொருள கதைக்கு ஒண்ணுக்கு மேல வெக்க மாட்டேன். அதுக்கு மேல வெச்சா பசங்க தரைல கெடக்கற தங்கத்தக் கூட தொடமாட்டாங்க.

பிளஸ் ஒண்ணு வாளுக்கு ஏன் இவ்ளோ அடிச்சிக்கறாங்க?

அடிக்கற போனஸ் ஒண்ணு, டேமேஜ் ஒண்ணு, பாத்தா சின்னதுதான். ஆனா 2014 ரூல்ஸ்ல வேர்வுல்ஃப், பேய், பிசாசு மாதிரி நெறைய மான்ஸ்டருக்கு சாதா ஆயுதம் பாதிதான் ஏறும், சிலதுக்கு ஏறவே ஏறாது. மேஜிக் வாளுன்னா முழுசா ஏறும். அதுக்குத்தான். அஞ்சாறு லெவல் வரைக்கும் க்ரூப்ல ஒருத்தர்கிட்டயும் மேஜிக் ஆயுதம் இல்லன்னா டிஎம் மான்ஸ்டர பாத்துதான் எடுக்கணும்.

அரிது வரிசை: காமன், அன்காமன், ரேர், வெரி ரேர், லெஜண்டரி, அதுக்கு மேல ஆர்டிஃபாக்ட். பிளஸ் 1 வாள் அன்காமன், ஆனா பிளஸ் 1 ஆர்மர் ரேர்.

பால்டர்ஸ் கேட் 3ல அட்யூன்மெண்ட்டே இல்லயே ணா, அதுவும் இதே ரூல்ஸ்தானே?

2023ல வந்த வீடியோ கேம், அஞ்சாவது எடிஷனத்தான் எடுத்து பண்ணாங்க, ஆனா நெறைய மாத்திட்டாங்க. அதுல மூணு லிமிட் இல்ல, போஷன் குடிக்கறது போனஸ் ஆக்ஷன் (உங்க முறைல கூடுதலா பண்ற சின்ன வேல), போஷன தூக்கி எறிஞ்சாலும் பக்கத்துல இருக்கறவனுக்கு குணமாகும். அங்க நீங்க ஒருத்தரே நாலு கேரக்டருக்கும் பொருள் மாட்டறீங்க, பொறாமப்பட ஆளு இல்ல. இங்க நாலு பேரு நாலு மனுசங்க. அதனால அங்க சரியா வர்றது இங்க வராது. போஷன் மட்டும் நாங்களும் போனஸ் ஆக்ஷனா மாத்திகினோம், 2024 ரூல்ஸ்லயும் அப்படித்தான்.

போஷன சேத்து வெச்சிக்கலாமா, கடசி பாஸுக்கு?

குடிச்சுத் தொலைங்க பா. சாதா ஹீலிங் போஷன் 50 கோல்டு, 2டி4 கூட 2, சராசரி 7 ஹிட் பாயிண்ட். மூணாவது லெவல்ல அது உயிரு, பத்தாவது லெவல்ல ஒரு அடிக்கு காணாது. சேத்து வெச்சவன் பையில ஆறு போஷனோட செத்துக் கெடக்கறத எல்லா டிஎம்மும் பாத்திருப்பாங்க.

பேக் ஆஃப் ஹோல்டிங் கெடச்சா எடைப் பிரச்சன முடிஞ்சிதா?

முக்காவாசி முடிஞ்சிது. 500 பவுண்டு, 64 கன அடி உள்ள போகும், வெளிய எப்பவும் 15 பவுண்டுதான் எடை. காசு மட்டும் போட்டா 25,000 காசு. ஆனா கூரான சாமான போட்டு ஓட்ட ஆச்சுன்னாலோ, அளவுக்கு மேல திணிச்சாலோ பை காலி, உள்ள இருக்கறதெல்லாம் ஆஸ்ட்ரல் பிளேன்னு வேற ஒரு ஒலகத்துல செதறிப் போயிடும். ஆள ஒளிச்சு வெச்சா மொத்தம் பத்து நிமிஷம் மூச்சு, ரெண்டு பேருன்னா ஆளுக்கு அஞ்சு. போர்ட்டபிள் ஹோல்னு இன்னொரு பொருளுக்குள்ள இத்த போட்டா ரெண்டும் அழிஞ்சு, பத்தடிக்குள்ள நிக்கறவங்க எல்லாரையும் இழுத்துகினு போயிடும். "அப்ப அத்த பாம் மாதிரி யூஸ் பண்ணலாமா"ன்னு அடுத்த கேள்வி வரும். பண்ணலாம். ரெண்டு பொருளும் போயிடும், நீங்களும் பத்தடிக்குள்ளதான் நின்னுகினு இருப்பீங்க.

நான் டிஎம். எவ்ளோ லூட் குடுக்கறது?

1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் விட்ட மொத எடிஷன்ல ஒரு கோல்டு கொண்டாந்தா ஒரு எக்ஸ்பீரியன்ஸ் பாயிண்ட். அதனால அந்தக் காலத்து ஆளுங்க மான்ஸ்டர அடிக்கறத விட ஏமாத்திட்டு பொக்கிஷத்த தூக்கினு ஓடறதுலதான் கெட்டிக்காரங்க. இப்ப லெவல் ஏறறதுக்கும் தங்கத்துக்கும் சம்பந்தம் இல்ல. அதனால தங்கத்த கொட்டிட்டு அத்த செலவு பண்ண எடம் வெக்காம விட்டா அது ஷீட்ல வெறும் நம்பரா நிக்கும். மொதல்ல செலவ யோசிங்க: படகு, வீடு, லஞ்சம், ஆளு அம்பு, பிளேட் ஆர்மர்.

புக்ல மான்ஸ்டரோட சேலஞ்ச் ரேட்டிங் (எவ்ளோ கஷ்டமான எதிரிங்கற நம்பர்) வெச்சு 0ல இருந்து 4, 5ல இருந்து 10, 11ல இருந்து 16, 17க்கு மேலன்னு நாலு டேபிள் இருக்கு, தனி ஆளு பையில இருக்கறதுக்கு ஒண்ணு, கூட்டமா வெச்சிருக்கற பொக்கிஷத்துக்கு ஒண்ணு. மொத கொஞ்ச நாள் அத்தயே உருட்டுங்க. அப்புறம் உருட்டி வர்றத அப்படியே குடுக்காம, அந்த எடத்துக்கு ஏத்த மாதிரி மாத்துங்க. 70 கோல்டுன்னு சொல்றத விட ஒரு செத்துப்போன வரி வசூல்காரனோட சுருக்குப் பை, அதுல பாதி காசு, பாதி யாரோ குடுக்கவேண்டிய கடன் ஓலைன்னு சொல்லுங்க. அடுத்த வாரக் கத அந்த ஓலைல இருக்கு.

நம்பர் ஏத்தற பொருள் ஒண்ணுன்னா, வேற மாதிரி யோசிக்க வெக்கற பொருள் ரெண்டு குடுங்க. வாள் பிளஸ் 2 ஆனா பிளேயர் அதே மாதிரிதான் அடிப்பான். ஏற முடியாத சுவத்துல நடக்க வெக்கற செருப்பு குடுத்தா கோட்டைய வேற கண்ணுல பாப்பான்.

நம்ம வேலூர் கோட்டைய வெச்சு ஒரு டன்ஜன் பண்ணலாமா? லூட் இன்னா வெக்கலாம்?

தாராளமா. பதினாறாம் நூற்றாண்டு, விஜயநகர காலத்து கருங்கல் கோட்டை, சுத்தி அகழி, அதுல ஒரு காலத்துல முதலை விட்டிருந்தாங்கன்னு நம்ம தாத்தா பாட்டி சொன்ன கத. இதுக்கு மேல என்ன வேணும். ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில்னு நம்ம ஊர சொல்லுவாங்கல்ல, நான் அத்த அப்படியே புதிராக்கி வெச்சேன், இல்லாத மூணையும் தேடிக் கொண்டாந்தாதான் கதவு தெறக்கும். ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981லயே சாமி திரும்ப வந்தாச்சு, அதனால கத அதுக்கு முன்னாடி நடக்குது.

ஒரு விஷயம் மட்டும் என் டேபிள்ல கறார்: கோயில் செல, சாமி நகை லூட் லிஸ்ட்ல வராது. நெஜத்துல செல திருடறவன் இருக்கற ஊர்ல அத்த ஹீரோ வேலயா காட்ட எனக்கு மனசு வரல. அதுக்கு பதிலா வெடிமருந்து கெடங்கு சாவி, தூதுவன் ஓலை, ஆற்காடு நவாப் முத்திரை போட்ட காசு, இந்த மாதிரி.

ஒரு பிளேயர் லா படிக்கற பொண்ணு, பொதையல் எடுத்த ஒடனே "1878 சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல பொதையல் கெடச்சா கலெக்டருக்கு எழுதிக் குடுக்கணும்"னு சொல்லிச்சு. சட்டம் நெஜந்தான். எங்க கதைல அந்தக் காலத்துல கலெக்டர் கெடையாது, அதனால பாளையக்காரருக்கு மனு எழுதுனாங்க, அவரு பாதிய கேட்டாரு, அங்க ஆரம்பிச்சுது அடுத்த சண்ட.

டைஸ், புக் எல்லாம் வாங்கணுமா?

வேணாம். அடிப்படை ரூல்ஸ் நெட்ல ஃப்ரீ, 2023 ஜனவரில கிரியேட்டிவ் காமன்ஸ்லயே விட்டுட்டாங்க. டைஸுக்கு ஃபோன் ஆப் போதும், அப்புறம் ஆசைப்பட்டு எப்படியும் ஏழு டைஸ் செட் வாங்கிடுவீங்க.

என் கேரக்டர் செத்துட்டா அவனோட பொருள் எல்லாம் புது கேரக்டருக்கு வருமா?

வராது. செத்தவன் பொருள் க்ரூப்புக்கு, அவங்க பிரிச்சிக்கட்டும், இல்ல அவனோடவே பொதைக்கட்டும். புது கேரக்டர் அவன் லெவலுக்கு ஏத்த மூட்டையோட வருவான், பழையவனோட தூரத்து சொந்தம்னு சொல்லிகினு வாள கேக்க வரக்கூடாது. சாகறதுக்கு முன்னாடியே உயில் எழுதி என்கிட்ட குடுத்து வெச்சிருந்தா மட்டும் செல்லும். இப்ப பாதி பேர் குடுத்துட்டாங்க, ரோக் ஆடுறவரு மட்டும் எல்லார் உயில்லயும் தன் பேர எழுத வெச்சிருக்காரு, அத்த மத்தவங்க கொஞ்சம் பாத்துக்கோங்க.